இரண்டு லேப்டாப், ஒரே வரம்பு: தம்பதிகள் ஹெச்எஸ்ஏ-வில் யார் பெயரில் எவ்வளவு போடுவது?

தீபாவளி முறுக்கு டப்பா காலியாவதற்குள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருட இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம், வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சனிக்கிழமை மதியம் போகும். சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப். ஒன்றில் என் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பக்கம், எதிரே இவருடைய கம்பெனிப் பக்கம். இரண்டிலும் ஹெச்எஸ்ஏ என்று ஒரு கட்டம் இருக்கும். வருடத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்கும். எதிர் லேப்டாப்பில் என்ன டிக் செய்யப்பட்டிருக்கிறது என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. வருமான வரித்துறைக்கோ இரண்டும் ஒரே குடும்பம். தம்பதிகள் ஹெச்எஸ்ஏ-வில் செய்கிற தப்பு எல்லாம் அநேகமாக இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. நாங்களும் ஒன்று செய்திருக்கிறோம், பின்னால் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹெச்எஸ்ஏ என்பது மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு. 2003 டிசம்பரில் கையெழுத்தான மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) சட்டத்தோடு சேர்ந்து வந்தது, 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. போடும் பணத்துக்கு ஃபெடரல் வருமான வரி கிடையாது. உள்ளே வளர்வதற்கும் கிடையாது. மருத்துவத்துக்கு எடுத்தால் அப்போதும் கிடையாது. ஓய்வுகாலச் சேமிப்பான 401கே-யில்கூட இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது. வருடக் கடைசியில் மிச்சப் பணம் காலாவதியாவதும் இல்லை. ஆனால் எல்லோரும் போட முடியாது. டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள இன்ஷூரன்ஸ் பிளானில் இருக்க வேண்டும். 2026-க்கு அந்த டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர். அதோடு, அந்தப் பிளானைத் தவிர வேறு சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸ் எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது.

2026-இல் போடக்கூடிய தொகை, தனிநபர் கவரேஜ் என்றால் 4,400 டாலர், குடும்பக் கவரேஜ் என்றால் 8,750. கம்பெனி ஏதாவது போட்டால் அதுவும் இதற்குள் அடக்கம். 55 வயதானவர்களுக்கு மேலே 1,000.

கணக்கு என்னவோ எப்போதும் ஒருவர் பெயரில்தான். வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறப்பது மாதிரி இதில் திறக்க முடியாது. வரம்பு மட்டும் ஜாயின்ட், கணக்கு தனித்தனி. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

ஆளுக்கொரு தனிப் பிளானா, ஒருவருடைய குடும்பப் பிளானா?

குழந்தை இல்லாத, இருவரும் வேலைக்குப் போகிற தம்பதிகளுக்கு முதலில் வரும் கேள்வி இது. "ஒரே பிளான்ல போட்டுட்டா தொல்லை இல்லையே" என்றுதான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இருவரும் அவரவர் கம்பெனியில் தனிநபர் பிளான் எடுத்தால் ஆளுக்கு 4,400, மொத்தம் 8,800. ஒருவருடைய குடும்பப் பிளானில் இருவரும் இருந்தால் 8,750. வித்தியாசம் 50 டாலர்தான், அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். பணம் நிற்பது டிடக்டிபிளில். குடும்பப் பிளான்கள் பலவற்றில், குடும்பத்தின் மொத்த டிடக்டிபிளும் கட்டி முடிக்கும்வரை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒருவருக்கும் ஒரு டாலர் தராது. கணவருக்கு மட்டும் ஹெர்னியா ஆபரேஷன் என்று வையுங்கள். தனிப் பிளானில் இருந்தால் அவர் 1,700 கட்டியதும் இன்ஷூரன்ஸ் உள்ளே வந்துவிடும். குடும்பப் பிளானில் அந்த ஒரே ஆளுக்காக 3,400 கட்ட வேண்டும், அந்த வருடம் மனைவிக்கு ஒரு தும்மல்கூட வராவிட்டாலும். (நான் சொல்வது சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச எண்கள். நிஜப் பிளான்களில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.)

கம்பெனி ஹெச்எஸ்ஏ-வில் போடும் பணத்தையும் பார்க்க வேண்டும். இருவர் கம்பெனியும் தனித்தனியாகக் கொஞ்சம் போடுகிறது என்றால், ஒரே பிளானுக்குப் போகிற அன்றே ஒரு கம்பெனியின் பணத்தை விட்டுவிடுகிறீர்கள். பிரீமியம் விஷயத்திலும் ஒரு சங்கதி உண்டு. மனைவிக்கோ கணவருக்கோ தன் கம்பெனியிலேயே இன்ஷூரன்ஸ் கிடைத்தும் இங்கே வந்து சேர்ந்தால், அதற்கென்று மாதாமாதம் தனிக் கட்டணம் பிடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. பெனிஃபிட்ஸ் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும், தேடித்தான் படிக்க வேண்டும்.

தனிப் பிளானில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆளுக்கு 4,400 என்றால் அவரவர் கணக்கில் அவரவர் 4,400தான். மனைவிக்குக் கையில் பணம் ஓடவில்லை என்று கணவர் தன் கணக்கில் 6,000 போட முடியாது. குடும்பப் பிளான் என்றால் 8,750-ஐ இருவரும் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். பாதிப் பாதி, மொத்தமும் ஒருவர், 7,000-க்கு 1,750, எப்படியும். பேசிக்கொள்ளவில்லை என்றால் சட்டம் சரிபாதி என்று எடுத்துக்கொள்ளும்.

குழந்தை இல்லாமல் இருவரும் சம்பாதிக்கிற வீட்டில், இரண்டு கம்பெனியிலும் சுமாரான ஹெச்எஸ்ஏ பிளான் இருந்தால், ஆளுக்கொன்று எடுப்பதுதான் நான் சொல்லும் யோசனை.

குழந்தை வந்ததும் மாறுகிற கணக்கு

இன்ஷூரன்ஸ் பாஷையில் 'குடும்பம்' என்றால் உங்களோடு இன்னும் ஒருவர். அது கணவராகவோ மனைவியாகவோ இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாவும் ஒரு வயதுக் குழந்தையும் ஒரு பிளானில் இருந்தால் அது குடும்பக் கவரேஜ்.

இங்கேதான் நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். மனைவி தன் கம்பெனியில் தனக்கும் குழந்தைக்கும் பிளான் எடுக்கிறார். கணவர் தன் கம்பெனியில் தனக்கு மட்டும் எடுக்கிறார். மனைவியின் லேப்டாப் 8,750 வரை போடலாம் என்கிறது. கணவருடையது 4,400 என்கிறது. ஆக மொத்தம் 13,150! இரண்டு பக்கமும் பச்சை டிக் விழும், ஒரு எச்சரிக்கையும் வராது. ஆனால் சட்டம் சொல்வது வேறு. இருவரில் ஒருவருக்குக் குடும்பக் கவரேஜ் இருந்தால் இருவருக்கும் இருப்பதாகவே கொள்ள வேண்டும், இருவருக்கும் சேர்த்து 8,750தான். அப்பாவும் மகனும் ஒரு பிளான், அம்மாவும் மகளும் இன்னொரு பிளான் என்று இரண்டு குடும்பப் பிளான் எடுத்தாலும் அதே 8,750. தனித்தனியாக வரி தாக்கல் செய்தும் இதிலிருந்து தப்ப முடியாது.

மீறிப் போட்ட பணத்துக்கு, கணக்கிலேயே கிடக்கும் ஒவ்வொரு வருடமும் 6 சதவீத அபராதம். வரி தாக்கல் கெடுவுக்குள் அந்தத் தொகையையும் அது சம்பாதித்ததையும் வெளியே எடுத்துவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் எடுத்த பணம் வருமானத்தில் சேரும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 26 வயதுவரை பிள்ளைகள் பெற்றோர் பிளானில் இருக்கலாம் அல்லவா? 24 வயது மகள் வேலைக்குப் போகிறாள், உங்கள் வரிப் படிவத்தில் அவள் டிபென்டன்ட் (உங்களைச் சார்ந்தவர்) இல்லை, ஆனால் இன்ஷூரன்ஸ் உங்கள் குடும்பப் பிளானில் என்றால், அவள் தன் பெயரில் தனி ஹெச்எஸ்ஏ திறந்து முழு 8,750 போடலாம். உங்கள் 8,750-இல் அது கை வைக்காது. ஆனால் அவளுடைய டாக்டர் பில்லை உங்கள் ஹெச்எஸ்ஏ-விலிருந்து கட்ட முடியாது. இது தெரியாமல் மகளின் பல் வைத்தியத்துக்கு அப்பாவின் ஹெச்எஸ்ஏ கார்டைத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர்.

ஒருவர் ஹெச்எஸ்ஏ, ஒருவர் பிபிஓ: நாங்கள் விழுந்த குழி

அடுத்தது கலப்பு ஏற்பாடு. ஒருவருக்கு அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், டிடக்டிபிள் குறைந்த சாதாரண பிளான், அதாவது பிபிஓ, வேண்டும். இன்னொருவர் வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசியோடு சரி. அவர் ஹெச்எஸ்ஏ பிளான் எடுக்கிறார். இது நல்ல ஏற்பாடுதான். கணவர் தன் பிளானில் தன்னையும் குழந்தைகளையும் வைத்து, மனைவி தனியாக பிபிஓ-வில் இருந்தால், கணவர் ஒருவரே முழு 8,750 போடலாம். அந்தப் பணத்தை பிபிஓ-வில் இருக்கும் மனைவிக்கும் செலவு செய்யலாம். யார் எந்தப் பிளானில் இருக்கிறார் என்பது பணம் போடும்போதுதான் கேள்வி. எடுக்கும்போது கணவன், மனைவி, டிபென்டன்ட் பிள்ளைகள் என்றால் போதும்.

இதைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, "இருக்கட்டுமே" என்று கணவரை மனைவியின் பிபிஓ-விலும் சேர்ப்பது. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வார்கள், கணவருடைய ஹெச்எஸ்ஏ தகுதி அன்றோடு போச்சு.

இரண்டாவது எஃப்எஸ்ஏ. கம்பெனி வழியாக, வரி பிடிக்காத பணத்தை மருத்துவம் மாதிரிச் செலவுக்கு ஒதுக்கும் இன்னொரு கணக்கு. நாங்கள் விழுந்தது இதில்.

சில வருடங்களுக்கு முன் பெரியவளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டியிருந்தது. நான் என் கம்பெனி பிபிஓ-வில் இருந்தேன். இவர் பிள்ளைகளோடு ஹெச்எஸ்ஏ பிளானில். ஓப்பன் என்ரோல்மென்ட்டில் என் பக்கத்தில் 'ஹெல்த்கேர் எஃப்எஸ்ஏ' என்று ஒரு வரி தெரிந்தது. வரி பிடிக்காத பணம், பல் வைத்தியத்துக்கு ஆகும் என்று போட்டிருந்தது. 1,500 டாலர் என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எதிரே இவர் தன் ஹெச்எஸ்ஏ கட்டத்தில் 6,000 போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே ஒன்றரை அடி மேஜை.

மறுவருடம் பிப்ரவரியில் வரிக் கணக்கு முடிக்கும்போது சிபிஏ (ஆடிட்டர்) நண்பர் போனில் கேட்டார்: "அண்ணி, உங்க கம்பெனில எஃப்எஸ்ஏ ஏதாவது எடுத்தீங்களா?" நான் பெருமையாக எடுத்தேன் என்றேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். சாதாரண எஃப்எஸ்ஏ பணத்தைக் கணவருடைய செலவுக்கும் பயன்படுத்தலாம். பயன்படுத்தினீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை, பயன்படுத்தலாம் என்பதே போதும். அதனால் என் எஃப்எஸ்ஏ, சட்டத்தின் கண்ணில், அவருக்கு இரண்டாவது இன்ஷூரன்ஸ். வருடம் முழுக்க அவருக்கு ஹெச்எஸ்ஏ தகுதி இல்லை. அவருடைய 6,000-மும் கூடுதல் தொகை. கணக்கு வைத்திருந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, அதற்கென்று உள்ள படிவத்தை வாங்கி நிரப்பி, லாபத்தோடு சேர்த்து வெளியே எடுத்து, வரி கட்டி முடித்தோம். கெடுவுக்குள் கண்டுபிடித்ததால் 6 சதவீதத்திலிருந்து தப்பித்தோம்.

என்னைக் கடுப்பேற்றியது வேறு. அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே 'லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ' என்று ஒன்று இருந்திருக்கிறது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டும் ஆகும். ஹெச்எஸ்ஏ-வுக்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. எங்களுக்குத் தேவைப்பட்டதே பல்லுக்குத்தானே! குழந்தைக் காப்பகச் செலவுக்கான எஃப்எஸ்ஏ-வும் அப்படித்தான், பயப்பட வேண்டியதில்லை. வம்பு செய்வது அந்த ஒரே ஒரு பொது எஃப்எஸ்ஏ.

"அடுத்த வருஷம் எஃப்எஸ்ஏ எடுக்கலை, அப்ப சரிதானே?" என்று கேட்பவர்களுக்கு: மிச்சத்தைப் பாருங்கள். 2025-இல் செலவாகாத பணத்தில் 660 டாலர் வரை 2026-க்குத் தூக்கிப் போட சில கம்பெனிகள் விடுகின்றன. மனைவியின் பொது எஃப்எஸ்ஏ-வில் 40 டாலர் மிச்சம் புது வருடத்துக்கு வந்தால்கூட, கணவரின் அந்த வருட ஹெச்எஸ்ஏ தகுதி கெட்டது. டிசம்பருக்குள் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வாங்கித் தீர்த்துவிடுவது உத்தமம். இல்லையென்றால் மிச்சத்தை லிமிடெட் பர்ப்பஸுக்கு மாற்றித் தர முடியுமா என்று வருடம் முடிவதற்குள் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள்.

2025 ஜூலையில் வந்த பெரிய வரிச் சட்டத்தில் இந்த எஃப்எஸ்ஏ விதியைத் தளர்த்தும் யோசனை இருந்தது. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவத்தில் இருந்தது, கடைசியில் கையெழுத்தான சட்டத்தில் இல்லை. அதில் பிழைத்து வந்தவற்றில் தம்பதிகளுக்குப் பயன்படக்கூடியது ஒன்று: 2026 முதல் மார்க்கெட்பிளேஸில் (அரசு நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தை) வாங்கும் 'ப்ரான்ஸ்' (bronze, வெண்கலம்) வகைப் பிளான்களோடும் ஹெச்எஸ்ஏ வைத்துக்கொள்ளலாம். ஒருவர் சொந்தத் தொழில் செய்கிற வீடுகள் இதைப் பார்க்க வேண்டும்.

யாருடைய சம்பளத்தில் பிடிப்பது?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஹெச்எஸ்ஏ-வில் பணம் போட இரண்டு வாசல். சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம். அல்லது வங்கியிலிருந்து நாமே போட்டுவிட்டு வரிப் படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரி இரண்டிலும் மிச்சம். 24 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 8,750-க்கு 2,100 டாலர். ஆனால் சம்பளத்தில் பிடித்தால் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வரியும் மெடிகேர் வரியும் சேர்த்து 7.65 சதவீதம் கூடுதலாக மிச்சம். 8,750-க்கு அது 669 டாலர். வங்கி வழியாகப் போட்டால் இந்த 669 திரும்ப வரவே வராது.

கம்பெனி சம்பளத்தில் பிடித்துத் தருவது அந்த ஊழியரின் சொந்த ஹெச்எஸ்ஏ-வுக்குத்தான். கணவர் சம்பளத்தில் பிடித்து மனைவி கணக்கில் போடு என்று சொல்ல முடியாது. ஆகவே யாருடைய பிளானில் குடும்பம் இருக்கிறதோ, பணத்தை அவர் கணக்கில், அவர் சம்பளம் வழியாகப் போடுவதுதான் லாபம். "நியாயமா ஆளுக்குப் பாதி" என்று பிரித்தால், பாதிக்கு மேற்படி 7.65 சதவீதத்தை இழக்கிறீர்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதம், ஆனால் 2026-இல் சம்பளம் 184,500 டாலரைத் தாண்டியதும் அது நின்றுவிடும். அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் ஹெச்எஸ்ஏ-வில் போட்டு மிச்சப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை, மெடிகேர் வரி மட்டும்தான். கணவருக்கு 210,000, மனைவிக்கு 95,000 என்றால், இரண்டு கம்பெனி பிளானும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பட்சத்தில், மனைவியின் கம்பெனியில் குடும்பப் பிளானை எடுத்து அவர் சம்பளத்தில் 8,750 பிடித்தால் வருடத்துக்கு 542 டாலர் கூடுதல் மிச்சம். பின்னாளில் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் கணக்கிடும்போது மனைவியின் சம்பளம் ஒரு பிடி குறைவாகத் தெரியும் என்பது உண்மை. இவ்வளவு சின்னத் தொகைக்கு நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

எங்கள் வீட்டில் சம்பளம் குறைவு எனக்குத்தான். அதனால் ஒரு லாபம் வந்தது இதில் மட்டும்.

எச்-4 விசாவில் வேலைக்குப் போகாமல் இருக்கும் மனைவியோ கணவரோ தனி ஹெச்எஸ்ஏ வைக்கலாமா? பிளானில் இருந்தால் வைக்கலாம், சம்பளம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் 55 வயதாகும்வரை அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரு கணக்கே போதும்.

எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருக்கிற நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் ஹெச்எஸ்ஏ-வை ஏற்பதில்லை. ஃபெடரல் வரி மிச்சம், மாநில வரி மிச்சமில்லை. கம்பெனி போட்ட பணமும் மாநிலத்துக்கு உங்கள் வருமானம். கணக்கில் வரும் வட்டி, டிவிடெண்டுக்கும் வருடா வருடம் மாநில வரி. கலிஃபோர்னியாவில் 9.3 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 8,750-க்கு 814 டாலர் சலுகை கிடைக்காமல் போகிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஃபெடரல் மிச்சம் அதைவிடப் பெரிது. ஆனால் பிபிஓ-வா ஹெச்எஸ்ஏ-வா என்று இழுபறியாக இருந்தால், மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸ்காரருக்குச் சரியாக வருகிற கணக்கு அங்கே சரியாக வராது. பேரோலில் மாநில வரி எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்) வந்ததும் ஒருமுறை பாருங்கள்.

55-இலும் 65-இலும்

55 வயது முடிகிற வருடத்திலிருந்து ஆளுக்குக் கூடுதலாக 1,000 போடலாம் என்றேன். இது மட்டும் பிரிக்கவும் சேர்க்கவும் முடியாத தொகை. அவரவர் 1,000 அவரவர் கணக்கில்தான். இருவருக்கும் 55 ஆகிவிட்டது, இருவரும் ஒரே குடும்பப் பிளானில் என்றால் 2026-இல் மொத்தம் 10,750. ஆனால் கணவர் கணக்கில் 9,750-க்கு மேல் போகக் கூடாது. மீதி 1,000-க்கு மனைவி தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்தே ஆக வேண்டும். ஃபிடெலிட்டி மாதிரி இடங்களில் கம்பெனி தயவில்லாமல் நாமே திறந்துகொள்ளலாம். வங்கியிலிருந்து போட்டு, படிவம் 8889-இல் காட்டிக் கழித்துக்கொள்வது. அந்தப் படிவமும் ஆளுக்கொன்று, ஜாயின்ட்டாகத் தாக்கல் செய்தாலும்.

65-இல் மெடிகேரில் சேர்ந்தவர் அதன்பின் போட முடியாது. ஆனால் இது அவரை மட்டும்தான் கட்டும். கணவருக்கு 66, மெடிகேரில் இருக்கிறார். மனைவிக்கு 60, வேலையில் இருக்கிறார், தன் கம்பெனிக் குடும்பப் பிளானில் கணவரையும் வைத்திருக்கிறார். மனைவி முழு 8,750-உம் தன் 1,000-உம் போடலாம், கணவருடைய மெடிகேர் பிரீமியம் தவிர மற்ற மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். 'அவர் மெடிகேர் போயிட்டார், இனி எனக்குத் தனிநபர் வரம்புதான்' என்று தானாகவே பாதியாகக் குறைத்துக்கொண்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும். குறைக்க வேண்டியதே இல்லை.

வேலையில் இருந்துகொண்டு மெடிகேரைத் தள்ளிப்போட்டவர்கள் பின்னால் சேரும்போது, பார்ட் ஏ (மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதி) ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அதனால் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஹெச்எஸ்ஏ-வில் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு கணக்கு வேண்டாம், ஒன்றே போதும் என்றவள் 55-க்கு முன்னால் இருந்தே இரண்டாவது கணக்கைத் திறக்கச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு கணக்கிலிருந்து திரும்ப எடுக்கக்கூடியது, அது தொடங்கிய நாளுக்குப் பிறகு ஆன மருத்துவச் செலவை மட்டும்தான். ஆனால் அந்தச் செலவை எப்போது எடுப்பது என்பதற்குக் கெடு கிடையாது. இன்று கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்து, 20 வருடம் கழித்தும் எடுக்கலாம். அதனால் 54 வயதில் சும்மா 50 டாலர் போட்டு ஒரு கணக்கைத் தொடங்கி வைப்பதில் தப்பில்லை. தேதி பதிவாகிவிடும்.

நாமினியை மறக்க வேண்டாம். துணைவர் பெயர் இருந்தால் கணக்கு அப்படியே அவருடைய ஹெச்எஸ்ஏ ஆகிவிடும். பிள்ளை பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால் அது அன்றோடு ஹெச்எஸ்ஏ இல்லை, முழுத் தொகையும் அவர்களுக்கு அந்த வருட வருமானம். கல்யாணத்துக்கு முன் கணக்குத் திறந்தவர்கள் பலர் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

சென்னையில் போட்ட ரூட் கெனால்

ஊருக்குப் போனபோது தி. நகரில் ரூட் கெனால் செய்துகொண்டால் அந்த ரூபாய் ரசீதுக்கு இங்கே ஹெச்எஸ்ஏ பணம் எடுக்கலாமா? எடுக்கலாம். சிகிச்சை எந்த நாட்டில் நடந்தது என்பது தடையில்லை. ரசீதில் பெயர், தேதி, என்ன சிகிச்சை என்பது தெளிவாக இருக்க வேண்டும், அன்றைய டாலர் மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் டாக்டர் எழுதி, அங்கேயே வாங்கி, அங்கேயே சாப்பிட்ட மருந்து, இரண்டு நாட்டிலும் சட்டப்படியானது என்றால் அதுவும் சரி. திரும்பி வரும்போது ஆறு மாதத்துக்கென்று பெட்டியில் அடுக்கிக் கொண்டுவரும் மாத்திரைப் பட்டைகளுக்கு எடுக்காதீர்கள், அது கணக்கில் சேராது.

அப்பா அம்மாவுக்கு? இந்தியாவில் இருக்கும், விசிட்டர் விசாவில் சில மாதம் வந்துபோகும் பெற்றோரின் செலவுக்கு எடுக்க முடியாது. அவர்களுக்கு நாம் வாங்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கும் முடியாது. கிரீன் கார்டோடு நம்மோடே இருந்து, அவர்கள் ஜீவனத்தில் பாதிக்கு மேல் நாமே பார்த்துக்கொள்கிறோம் என்றால் கதை வேறு, அப்போது அவர்கள் டாக்டர் பில்லுக்கு எடுக்க வழியுண்டு. மருத்துவமல்லாத எதற்கு எடுத்தாலும் 65 வயதுக்கு முன் வரியும் மேலே 20 சதவீத அபராதமும். 65-க்குப் பிறகு வரி மட்டும்.

இந்த வருடம் எங்கள் மேஜையில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். பிள்ளைகளோடு நால்வரும் என் கம்பெனிக் குடும்பப் பிளானில். கம்பெனி 1,000 போடும், அதைக் கழித்து என் கட்டத்தில் 7,750. இரண்டு வாரச் சம்பளம் 26, தடவைக்கு 298 டாலர் 8 சென்ட். நாமினி அவர். அவர் லேப்டாப்பில் மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டாம், ஹெச்எஸ்ஏ பூஜ்யம்.

"எஃப்எஸ்ஏ?" என்றேன்.

"ஏய், அது பழைய கதை" என்றார். ஆனாலும் சப்மிட் அழுத்தும் முன் ஒருமுறை மேலே போய் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.